ஆளிருக்கும் வழியில் தனியாக

தனியாக, சைக்கிளில், மொழி தெரியாத நாட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் எழும் முதல் கேள்வி "பயமா இல்லையா?" என்பதுதான். நியாயமான கேள்வி. "துணிச்சல் இருக்கிறது" என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பயப்படக் காரணம் குறையும்படி பயணத்தை அமைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியும். எப்படி என்பதை வியட்நாமை வைத்துச் சொல்கிறேன். முதல்முறை வெளிநாட்டில் தனியாகச் சைக்கிள் மிதிக்க நினைப்பவர் யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்லும் நாடு அது.

வடக்கே சீன எல்லையிலிருந்து தெற்கே மேகாங் கழிமுகம் வரை வியட்நாமின் நீளம் சுமார் 1,650 கி.மீ. நடுவில் குவாங் பின் பகுதியில் அகலம் வெறும் 50 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இடைப்பட்ட ஒடுங்கிய சமவெளிகளிலும் இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளிலும்தான் 10 கோடிப் பேரில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். இதனால் சைக்கிள்காரருக்கு என்ன லாபம்? சாலையோரம் வீடு முடிந்தால் வயல், வயல் முடிந்தால் மறுபடி வீடு. அந்த வீடுகளில் பாதியின் முன்பக்கம் ஏதாவது ஒரு கடை. தனியாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. மயங்கி விழுந்தால் பார்க்க ஒருவர் இருப்பார். சங்கிலி அறுந்தால் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும்.

ஆகவே வழியைத் திட்டமிடும்போது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பார்க்காதீர்கள். அடுத்த தண்ணீர் எங்கே, அடுத்த சாப்பாடு எங்கே, அடுத்த படுக்கை எங்கே என்று பாருங்கள். இந்த மூன்றும் 20 கி.மீ.க்குள் இருக்கும் சாலையில் தனியாகப் போவது எளிது. 80 கி.மீ. தள்ளி இருக்கும் சாலையில் இரண்டு பேராகப் போவதுகூடச் சிரமம்.

பஞ்சர் பற்றிய கவலைக்கும் அங்கே பதில் இருக்கிறது. வியட்நாமில் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 7 கோடிக்கும் மேல். அத்தனை இரு சக்கர வண்டிகள் ஓடும் நாட்டில் பஞ்சர் கடை இல்லாத ஊர் இருக்காது. பலகையைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வாசலில் ஒரு பழைய டயர் தொங்கும், பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் நிற்கும். ஆனால் ஒன்றைக் கிளம்பும் முன்பே கவனியுங்கள். உங்கள் ட்யூபின் வால்வு பைக், கார் டயர்களில் இருக்கும் தடித்த வகையாக இருந்தால் அந்தக் கம்ப்ரஸர் நேரடியாகப் பொருந்தும். விலை உயர்ந்த சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால் பொருந்தாது. பித்தளையில் ஒரு சிறு மாற்றுமூடி கிடைக்கும், அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரரிடம் உங்கள் சைக்கிளுக்குரிய கியர் கம்பி, பிரேக் கட்டை, ஸ்போக் கம்பி இருக்காது. இவற்றில் சிலவும், சங்கிலியை இணைக்கும் கண்ணி ஒன்றும், இரண்டு ட்யூபும் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன்பு உள்ளூர்க் கடையில் உட்கார்ந்து ட்யூப் மாற்றவும் சங்கிலி இணைக்கவும் பழகிவிடுங்கள். கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

சைக்கிளை அறிந்த மண் அது. 1954-இல் தியன் பியன் பூ முற்றுகையின்போது மலைக்காட்டுப் பாதைகளில் பிரெஞ்சுப் படைக்கு எதிரான போருக்கு அரிசியும் வெடிமருந்தும் சைக்கிளில்தான் பெருமளவு போயிற்று. ஹேண்டில்பாரில் மூங்கிலைக் கட்டி நீட்டி, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு மூங்கிலை நட்டு, ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். ஒரு சைக்கிளுக்கு 200 கிலோ, சில சமயம் 300 கிலோ வரை. இன்று அதே நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் கூடை கட்டிக் காய்கறி விற்கும் பெண்களும்தான் அதிகம் சைக்கிளில் போகிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் உங்கள் கூடவே மிதித்து வருவார்கள். "ஹலோ" என்பார்கள், பெயரைக் கேட்பார்கள். அடுத்த முக்கு வரை அதே இரண்டு வாக்கியம்தான். பதில் சொல்லிக்கொண்டே போங்கள், கால் வலி மறந்துபோகும்.

இனி சாலை. சீன எல்லையிலிருந்து தென்கோடிக் கா மாவ் வரை போகும் ஒன்றாம் எண் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2,300 கி.மீ. நீளம். நாட்டின் முதுகெலும்பு அதுதான். லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் அதில்தான் பறக்கின்றன. நாள் முழுக்க அதில் ஓட்டினால் காதில் ஹாரன், மூக்கில் புகை, கண்ணில் தகரக் கடைகள். வியட்நாமைப் பார்க்கப் போய் இதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. வரைபடத்தில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே மெல்லிய கோடாக ஓடும் மாவட்டச் சாலைகளைத் தேடுங்கள். தூரம் பத்து, பதினைந்து கி.மீ. கூடும், அவ்வளவுதான். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலைகளின் ஒரு பாதி நெல்லாகவே இருக்கும். தாரின் மேல் உலர்த்தி, கூம்புத் தொப்பி அணிந்த பெண்கள் கால்விரலால் கிளறிக்கொண்டு போவார்கள். நம் ஊர்ச் சாலைக் களங்கள்தான் நினைவுக்கு வரும். லாரி வந்தாலும் அந்த நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள், நின்று வழிவிடுங்கள். புதிய விரைவுச் சாலைகளில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது. கைபேசி வரைபடம் அதில் ஏறச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஆளிருக்கும் வழி என்ற விதிக்குப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. ஹோ சி மின் நெடுஞ்சாலையின் மேற்குக் கிளை, கே சானுக்கும் ஃபோங் ஞாவுக்கும் இடையே லாவோஸ் எல்லையை ஒட்டி, சுண்ணாம்புக்கல் மலைகளும் காடுமாகச் சுமார் 240 கி.மீ. போகிறது. இந்த நாட்டின் மிக அழகான சாலைகளில் ஒன்று. இடையில் கடைகளும் தங்குமிடமும் மிகமிகக் குறைவு. இரண்டு நாள் சாப்பாடு, தண்ணீர் வடிகட்டும் குழாய், மலையேறிப் பழகிய கால் எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று: கே சான் இருக்கும் குவாங் ட்ரி மாகாணம் அமெரிக்காவுடனான போரில் மிகக் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு உள்ளான பகுதி, வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. சிறுநீர் கழிக்கக்கூடப் புதருக்குள் இறங்கக் கூடாது, சாலையோரத்திலேயே முடித்துக்கொள்ள வேண்டும். கூடாரம் அடிக்கும் எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும். முதல் பயணத்தில் இந்தச் சாலையைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாம் பயணத்துக்கு அது காத்திருக்கும்.

முதல் பயணத்துக்கு என் பரிந்துரை ஹுவேயிலிருந்து தெற்கே ஞா ட்ராங் வரை. கடலோரம் வளைந்து போனால் 650 கி.மீ. அளவில் வரும். நாளுக்கு 60 அல்லது 70 கி.மீ. மிதித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுத்தாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். வடக்கிலிருந்து தெற்கு என்ற திசைக்குக் காரணம் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும், அது முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அந்த மாதங்களின் தொடக்கம் சரிப்படாது. நடுக் கடற்கரையில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கனமழை, புயல், வெள்ளம். மே மாதத்துக்குப் பிறகு மேற்கே மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட அனல்காற்று, அதை அங்கே "லாவோஸ் காற்று" என்கிறார்கள். மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச், ஏப்ரலின் முதல் பாதி. அதிலும் டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு வாரத்தைத் தவிருங்கள். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அந்த நாட்களில் சிற்றூர்க் கடைகள் மூடிக்கிடக்கும், ரயிலில் இடமே இருக்காது.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதை அந்த ஊர் மக்களிடமே கற்றுக்கொள்ளலாம். விடியற்காலை ஐந்து மணிக்கே சந்தை கூடிவிடும், ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் கடைகளில் குழம்பு கொதிக்கும். பதினொன்றரை மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். நீங்களும் ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறும்முன் நாற்பது, ஐம்பது கி.மீ. முடித்துவிட்டு ஒதுங்குங்கள். ஒதுங்க இடம் தேட வேண்டாம். சாலையோரம் ஓலையோ தகரமோ வேய்ந்த நீண்ட கொட்டகை, தூண்களுக்கு நடுவே வரிசையாக வலைத்தொட்டில்கள்: அதுதான் தொட்டில் காபிக் கடை. லாரி ஓட்டுநர்களுக்காகவும் பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்களுக்காகவும் இருப்பது. ஒரு தொட்டிலில் உட்கார்ந்தால் கடைக்காரம்மா ஐஸ் போட்ட தேநீரைக் கேட்காமலே வைப்பார். பிறகு காபி. கண்ணாடித் தம்ளரின் அடியில் கெட்டிப் பால் ஒரு விரல் உயரம், மேலே சிறு அலுமினிய வடிகட்டியிலிருந்து ரொபஸ்டா டிக்காஷன் துளித்துளியாக இறங்கும். முழுதும் இறங்க ஐந்து நிமிடம் ஆகும். இறங்கியதும் கலக்கி, ஐஸ் நிறைந்த இன்னொரு தம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். அதற்கு இருபதாயிரம் டாங்கை ஒட்டித்தான் ஆகும், நம் கணக்கில் எழுபது ரூபாய். அதன் பிறகு இரண்டு மணி நேரம் தூங்கினாலும் எழுப்ப மாட்டார்கள். தனியாகப் பயணம் செய்பவர் பொருளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கண்ணை மூடக்கூடிய இடங்கள் உலகில் குறைவு. பாஸ்போர்ட்டும் பணமும் உள்ள சிறு பையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டால் போதும், இங்கே அது முடியும்.

இந்த வழியில் பயமுறுத்தும் பெயர் ஒன்று உண்டு, ஹாய் வான் கணவாய். ஹுவேக்கும் டா நாங்குக்கும் நடுவே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மலை. உச்சி 496 மீட்டர், கணவாய்ச் சாலை மொத்தம் சுமார் 21 கி.மீ. வடக்கே லாங் கோ கடற்கரையிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ 10 கி.மீ. 2005-இல் 6 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள சுரங்கப்பாதை திறந்த பிறகு லாரிகளும் பேருந்துகளும் கீழே போய்விட்டன. சைக்கிளுக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லை என்பதால் மேலே போகும் சாலை நமக்கும் பைக் ஓட்டிகளுக்கும் கிடைத்தது. எரிபொருள் டாங்கர்கள் மட்டும் சுரங்கத்துக்குள் போக முடியாமல் மேலே வரும், அவற்றுக்கு ஒதுங்கிக் கொடுக்க வேண்டும்.

ஏறுவது எவ்வளவு கடினம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள், 12 கிலோ மூட்டை. இந்த 92 கிலோவை 496 மீட்டர் தூக்க உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 450 கிலோ கலோரி. நல்ல ஒரு வேளைச் சாப்பாடு அதைக் கொடுத்துவிடும். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சி. கால்கள் கொடுக்க வேண்டிய ஆற்றல் 100 வாட் அளவில் நின்றுவிடும், ஓரளவு பழகிய எவராலும் முடியும். 12 கி.மீ. வேகத்தில் ஏற நினைத்தால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும், பாதியில் மூச்சு முட்டும். மலை ஒன்றுதான், அவசரம்தான் அதைக் கடினமாக்குகிறது. அந்த 7 கி.மீ. வேகத்திலும் கால் சீராகச் சுழல வேண்டுமானால் முன் பல்சக்கரம் பின் பல்சக்கரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். முன்னால் 28 பல், பின்னால் 32 அல்லது 34 பல் என்றால் சரியாக இருக்கும். சைக்கிள் வாங்கும்போது எடையையும் பிராண்டையும் பார்க்கும் முன் இந்த எண்களைக் கேளுங்கள்.

உச்சியில் பழைய அரண்வாயிலும் போர்க்காலக் காவலரண்களும் நிற்கின்றன. பிப்ரவரியில் வடக்கு முகம் மேகத்தில் மூடிக்கிடக்கும்போது தெற்கே டா நாங் விரிகுடா வெயிலில் மின்னுவதைப் பல நாள் பார்க்கலாம், ஏனென்றால் வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்றை இந்த மலை தடுத்துவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பம். இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் பிடிக்காமல், விட்டுவிட்டு அழுத்துங்கள்.

நம்மவருக்கு உண்மையான ஆபத்து மலையில் இல்லை, விடுதி வாசலில் இருக்கிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். ஓடும் போக்குவரத்தில் மற்றவர்களைப் பின்பற்றிப் போய்விடுவோம். காலையில் காலியான சாலையில் இறங்கும்போதும், கடையில் நின்றுவிட்டு மறுபடி ஏறும்போதும் கை தானாக இடப்பக்கம் திரும்பும். முதல் வாரம் ஹேண்டில்பாரில் வலப்பக்கம் அம்புக்குறி ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை இடப்பக்கம் மாட்டுங்கள். நகரத்தில் நாற்சந்தி பைக் வெள்ளமாக இருக்கும். சட்டென்று நிற்காமல், சட்டென்று வேகமும் எடுக்காமல் சீராகப் போனால் அவர்களே விலகிப் போவார்கள். உங்கள் அடுத்த அடியை அவர்கள் ஊகிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

காகித வேலைகள் சுருக்கமாக. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர் உட்பட எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா கிடைக்கிறது. ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். நுழையும் இடத்தை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோன்றும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம். தங்குவதற்குச் சிற்றூர்களிலும் "ஞா ஙி" என்னும் சிறு விடுதிகள் உண்டு, இரண்டு முதல் மூன்று லட்சம் டாங்குக்கு அறை கிடைக்கும். வெளிநாட்டவர் பெயரைக் காவல்துறையில் பதிய வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். சைக்கிளைக் கூடத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீல நிறத்திலேயே இருப்பவை, இரவில் பணம் கொடுக்கும்போது பூஜ்யங்களை எண்ணிக் கொடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. "ஆன் ச்சாய்" என்றால் புரிந்துகொள்வார்கள். புத்த மரபில் அமாவாசையை அடுத்த முதல் நாளும் பௌர்ணமியும் சைவ நாட்கள், ஹுவேயில் சைவக் கடைகள் ஆண்டு முழுதும் உண்டு. சாதாரணக் கடையில் கறியை நீக்கச் சொன்னாலும் மீன் ஊறல் சாறு சேர்ந்திருக்கும். அது கூடாது என்பவர்கள் சைவக் கடைகளையே தேட வேண்டும். மற்றவர்களுக்குக் காலையில் ஃபோ, மதியம் குருணைச் சோறு, வழியில் பான் மீ ரொட்டி, போதாததற்குக் கரும்புச் சாறு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சிற்றூர் நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹோ சி மின் நகரில் பைக்கில் வந்து கைபேசியைப் பறிப்பவர்கள் உண்டு, ஹேண்டில்பாரிலிருந்து அதைக் கழற்றி உள்ளே வையுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் கூடுதலாகச் சொல்வது: நான்கு மணிக்குள் விடுதி சேருங்கள், அறையின் தாழ்ப்பாளைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த விடுதிக்குப் போகும் அளவுக்குப் பகல் மிச்சமிருக்கட்டும்.

ஞா ட்ராங்கில் நிறுத்த மனமில்லாதவர்கள் தெற்கே ஃபான் ராங் வரை மிதிக்கலாம். நாட்டிலேயே மழை குறைந்த பகுதி அது. திராட்சைத் தோட்டங்கள், ஆட்டு மந்தைகள், காற்று. அங்கே ஒரு சிறு குன்றின் மேல் செங்கல்லால் கட்டிய போ க்லோங் கராய் கோயில் இருக்கிறது. சாம்பா அரசர்கள் 1300-ஐ ஒட்டிக் கட்டியது. வாசலுக்கு மேலே பல கைகளோடு நடனமாடும் சிவன், உள்ளே முகம் செதுக்கிய லிங்கம். அந்த அரசின் வழிவந்த சாம் மக்கள் இன்றும் அங்கே வழிபடுகிறார்கள், ஆண்டுதோறும் கேட் திருவிழா நடத்துகிறார்கள். வழியில் ஹோய் ஆன் நகரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் உள்ள சாம்பா காலத்து மீ சன் கோயில்களை எல்லோரும் பார்க்கிறார்கள். உயிரோடிருக்கும் வழிபாட்டைப் பார்க்க வேண்டுமானால் ஃபான் ராங் போக வேண்டும். ஹோ சி மின் நகரின் மையத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலும் உண்டு. இப்போது அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

கால் ஒத்துழைக்காத நாளில் ரயில் இருக்கிறது. ஹனோயையும் ஹோ சி மின் நகரையும் இணைக்கும் 1,726 கி.மீ. ரயில் பாதை உங்கள் வழியை ஒட்டியேதான் ஓடும். சைக்கிளைச் சரக்குப் பிரிவில் பதிய வேண்டும், சில சமயம் வேறு ரயிலில் ஒரு நாள் தள்ளி வரும் என்பதால் பைகளைக் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு முன் பெரிய நகரத்தின் சைக்கிள் கடை எதிலாவது காலி அட்டைப்பெட்டி கேளுங்கள், கிடைக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பி, முன் சக்கரத்தையும் பெடல்களையும் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், கழற்றக் கடிகாரத் திசையில் திருப்புங்கள். இது தெரியாமல் ஸ்பானரை வளைத்தவர்கள் உண்டு. பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். கிளம்பும் முன் ஊரிலேயே ஒருமுறை முழுதும் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டால், திரும்பும் நாளில் இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும்.